வட்டியில்லாத பதினெட்டு மாதம்

லாண்டரியில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். பெரிய ஓட்டலின் படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் புகுந்து மறுபக்கம் வரும்போது இரண்டு கையாலும் ஏந்தி, நாலாய் மடித்து அடுக்குவது அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு, அத்தனையும் யார் யாரோ படுப்பதற்கு. அவள் வீட்டு மெத்தையோ நடுவில் பள்ளம் விழுந்தது. எந்த ஓரத்தில் படுத்தாலும் புருஷனும் பெண்டாட்டியும் விடியும்போது பள்ளத்தில்தான் கிடப்பார்கள்.

எழுத்து அவளுக்கு நாற்பத்தோராம் வயதில்தான் கைவந்தது. தொழிற்சங்கம் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. இன்னமும் விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மற்றவர்களைப் போல மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைக்க அவளுக்கு வராது.

அப்படி விரல் வைத்துப் படித்ததில்தான் அவள் வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டு சங்கதி வெளிச்சத்துக்கு வந்தது. அவர் குடோனில் மூட்டை ஏற்றுகிறவர். முழங்கால் ஆபரேஷனுக்கும் அப்புறம் ஒரு ஃபிரிட்ஜுக்கும் அந்தக் கார்டைத் தேய்த்திருந்தார். வங்கியின் கணக்குத் தாளில் “குறைந்தபட்சத் தொகை” என்று போட்டிருந்த நூற்று முப்பது டாலரை மாதம் தவறாமல் கட்டியும் வந்தார். மூன்று வருஷமாயிற்று. பாக்கி இன்னும் நாலாயிரத்து இருநூறு.

“நூத்து முப்பதுல தொண்ணூத்தஞ்சு வட்டிக்கே போயிடுதுங்க. கடன்ல கழியறது வெறும் முப்பத்தஞ்சு.”

“அடப்பாவிகளா! அப்ப நான் இவ்வளவு நாள் யாருக்குச் சோறு போட்டிருக்கேன்?”

மறுவாரமே இன்னொரு வங்கியில் போய் நின்றார்கள். மேசையில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்: “பழைய கார்டு பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாத்திடுவோம்மா. மாத்தறதுக்கு நூத்துக்கு மூணு கட்டணம். பதினெட்டு மாசத்துக்கு அதுக்கு வட்டி கிடையாது.”

“பத்தொம்போதாம் மாசம் மிச்சம் இருந்தா?”

“மிச்சத்துக்கு வட்டி ஓடும்மா. உங்க பழைய கார்டைவிடக் கொஞ்சம் கூடவே ஓடும்.”

கட்டணத்தோடு சேர்த்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்தாறு. பதினெட்டால் வகுத்தால் மாதம் இருநூற்று நாற்பத்தொன்று. முன்பு கட்டியதைவிட நூற்றுப் பதினொன்று அதிகம். அவள் சனிக்கிழமை மதியமும் வேலைக்கு வருவதாகக் கங்காணியிடம் சொன்னாள். வீட்டுக்காரர் வாரம் இரண்டு லாட்டரிச் சீட்டு வாங்குவதை நிறுத்தினார். கழுத்தைப் பிடிக்கிற கணக்குதான். ஆனால் முடிவு தெரிகிற கணக்கு. எங்கும் ஒரு இழை பிசகக் கூடாது, அவ்வளவுதான்.

கார்டு வந்தது. வீட்டுக்காரர் பெயரில் என்பதால் அவர் சட்டைப் பையில் ஏறியது. கூடவே வந்த எட்டுப் பக்க விதிமுறைத் தாளை அவள் சாப்பாட்டு இடைவேளைகளில் படித்தாள். ஒரு வாரம் பிடித்தது.

முதல் தவணை கட்டிய பிறகு வந்த சனிக்கிழமை, வேலை முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். இரண்டாவது திருப்பத்தில் வழியில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட புது மெத்தை ஒன்று சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கி நின்றது. மேலே வீட்டுக்காரர், கீழே கீழ்வீட்டு வேன்காரத் தம்பி.

“யாரு வீட்டுக்கு?” என்றாள்.

“நம்ம வீட்டுக்குத்தான்!” வியர்வையோடு சிரித்தார். “தினம் முதுகு முதுகுன்னு முனகுறியே. முந்நூத்தெண்பது. கையைக் கடிக்கல. வட்டியில்லாத கார்டுதானே!”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, இது மேல போகுதா, கீழ போகுதா? என் தோள் கேட்கச் சொல்லுது” என்றான் தம்பி.

“முதல்ல மேல ஏத்துங்க. கவரை மட்டும் கிழிச்சுடாதீங்க.”

வீட்டுக்குள் போனதும் தாளை எடுத்து ஆறாம் பக்கத்தில் விரலை ஊன்றினாள். “மாற்றப்பட்ட பாக்கிக்கு மட்டுமே வட்டி விலக்கு. புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வாங்கிய நாள் முதல் மாதம் இரண்டேகால் விழுக்காடு.”

அவர் முகம் தொங்கிப்போயிற்று. “உனக்காகத்தான்டி வாங்கினேன்.”

“தெரியுதுங்க. அது தெரியாமலா உங்களோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்? ஆனா இந்த முந்நூத்தெண்பதும் வட்டியோட சேர்ந்துச்சுன்னா, பதினெட்டு மாசத்துக்குள்ள முடியாது. திரும்பப் பழைய செக்குமாடு கதைதான்.”

ரசீதின் பின்பக்கத்தையும் எழுத்துக் கூட்டினாள். உறை பிரிக்காமல் இருந்தால் ஏழு நாளில் திருப்பலாம். ஆனால் தம்பியின் வேனுக்குப் புதன்கிழமைதான் ஓய்வு. அதுவரை மெத்தை மாப்பிள்ளை மாதிரி சுவரில் சாய்ந்து நின்றது. சமையலறைக்குப் போக வர இருவரும் பக்கவாட்டில் நண்டு போல நடந்தார்கள். ஒருமுறை அவர் அதை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“கையை எடுங்க. கவர் கிழிஞ்சா இது வீட்டோட மாப்பிள்ளை ஆயிடும்.”

கடையில் விற்பனைக்காரன் லேசில் விடவில்லை. “எதுக்கும்மா திருப்புறீங்க? மாசத் தவணை போட்டுத் தர்றேன், சின்னத் தொகைதான்.”

“தம்பி, ஏற்கனவே ஒரு தவணையோடதான் நாங்க குடித்தனம் நடத்துறோம். வீட்ல இன்னொண்ணுக்கு இடமில்ல.”

வேன்காரத் தம்பி கொல்லென்று சிரித்தான். பணம் அதே கார்டுக்குத் திரும்பியதற்கான சீட்டை அவள் வாங்கி, கடைசி எண் வரை படித்தாள். பின்னால் வரிசையில் நான்கு பேர். யார் முனகியும் அவள் விரல் வேகம் எடுக்கவில்லை.

மாதக் கடைசியில் கணக்குத் தாள் வந்தது. அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். துண்டோடு எதிரே உட்கார்ந்தார்.

“மெத்தை முந்நூத்தெண்பது, திருப்பினதும் முந்நூத்தெண்பது. வட்டி ஒரு டாலர், கொஞ்சம் சில்லறை.”

“வட்டியா? அதான் கொண்டுபோய்க் கொடுத்துட்டோமே!”

“நாலு நாள் நம்ம சுவத்துல சாஞ்சு நின்னுச்சே, அதுக்கு வாடகை.”

“நின்னதுக்கே இவ்வளவா? படுத்திருந்தா தோலை உரிச்சிருப்பான்” என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, பாக்கி எவ்வளவு காட்டுது?” என்றார்.

“நாலாயிரத்து எண்பத்தாறு.”

அவர் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். “போன மாசம் நாலாயிரத்து முந்நூத்து சொச்சம்... அப்ப நாம கட்டினது அப்படியே குறைஞ்சிருக்கு?”

“அப்படியேதான். அந்த ஒரு வாடகை போக.”

மூன்று வருஷத்தில் அந்த எண் ஒரே மாதத்தில் இப்படி இறங்கி அவர் பார்த்ததில்லை. தலை துவட்ட மறந்து, முழங்காலில் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

“இன்னொரு தரம் படி” என்றார்.

அவள் விரலை வைத்து, அவசரமில்லாமல், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.