குளிர்பெட்டியில் இல்லாத எலும்பு

பெருந்துறையில் தார் இளகிச் செருப்பில் ஒட்டும் சித்திரை மாதத்தில் தம்பிதுரையின் வயிற்றில் பனி படர்ந்தது. தொப்புளுக்கு வலப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு. துடைத்தால் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில்தான் அவருடைய மண்டையோட்டின் ஒரு துண்டு இருந்தது. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய் விழுந்ததில் மூளை வீங்கிவிட, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இடப்பக்க எலும்பைக் கழற்றி, கெடாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். வீக்கம் வடிந்ததும் எடுத்துத் தலையில் பொருத்துவது அங்கே வழக்கம்.

பில்லில் மட்டும் எலும்பு குளிர்பெட்டியில் இருந்தது. அப்படி எழுதியவள் பில்லிங் பிரிவில் வேலை பார்த்த சாய்ப்ரியா. இன்சூரன்ஸ்காரர்கள் பெட்டிக்கு வாடகை தருவார்கள், வயிற்றுக்குத் தரமாட்டார்கள். ஆகவே எல்லாருக்கும் பெட்டி என்றே போடச் சொல்லியிருந்தார் மேனேஜர். மற்றவர்களின் வயிறு அதைக் கண்டுகொள்ளவில்லை. ஹெல்மெட் ஒன்றைத் தவிர, தம்பிதுரை எழுத்தில் இருப்பதை ஒருநாளும் மீறாத மனிதர், அவர் வயிறும் அப்படியே நடந்துகொண்டது.

ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போன நாட்களில் பக்கத்து வீட்டார் பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து அவர் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள். கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. வயிறு சூடாகாமல் எலும்பை எடுக்க முடியாது என்று டாக்டர் ஆபரேஷன் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். தலையின் ஒரு பக்கத்தை வெறும் தோல் மூடியிருக்க, வழுக்கி விழுந்தால் உயிர் போய்விடும் என்று தம்பிதுரை தறிப்பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார்.

வார்டில் இந்தப் பனியைப் பற்றிப் பேச்சு அடிபட்டபோதே, தான் பில்லில் எழுதியதுதான் காரணம் என்று சாய்ப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் தம்பிதுரையின் மனைவி ராசாத்தாள் தூக்குப்போசியோடு கவுன்டருக்கு வந்தாள்.

“ஏனுங்க அம்மணி, தொந்தரவு பண்றேன்னு நெனச்சுக்காதீங்க. வயித்துல தையல் இருக்குது, பில்லுல பெட்டின்னு இருக்குது. அன்னைக்கே பாத்தமுங்க. சொன்னா உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு சும்மா இருந்துபோட்டோம். இப்ப ராத்திரி பூரா நடுங்கறாருங்க. இனித் தாங்கமாட்டாரு.”

“அப்பவே கேட்டிருக்கலாமுங்களே,” என்றாள் சாய்ப்ரியா.

“மொகத்துக்கு நேரா எப்படிங்க கேக்கறது?” என்றபடி ராசாத்தாள் போசி மூடியில் மோர் ஊற்றி நீட்டினாள். “வெக்கையா இருக்குது, குடிங்க கண்ணு. அவரு வயித்துமேல வெச்சிருந்தது, சில்லுனு இருக்கும்.”

திட்டியிருந்தால் சாய்ப்ரியா தாங்கியிருப்பாள். காதுமடல் வரை சுட, தலை குனிந்தபடி குடித்தாள். அப்படி வெட்கப்பட்டு அவள் பிறந்ததிலிருந்து எதையும் குடித்ததில்லை. அன்றே கோப்பில் பெட்டி என்பதை அடித்து வயிறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முன்பு எழுதியது பொய் என்று இன்சூரன்ஸுக்கும் தெரிவித்தாள்.

ராசாத்தாள் ஊர் போய்ச் சேர்வதற்குள் தம்பிதுரையின் வயிறு வெதுவெதுப்பாகியிருந்தது. புரட்டாசியில் எலும்பைத் தலையில் பொருத்தினார்கள். இப்போது பட்டறைக்குப் போகிறார், ஹெல்மெட்டை இன்னமும் வண்டிக் கண்ணாடியில்தான் மாட்டுகிறார்.

சாய்ப்ரியாவைக் கோப்பைத் திருத்திய மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். அன்று குடித்த மோர் அவள் வயிற்றில் இன்னும் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் காரணம் கேட்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் பாட்டில்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவளும் யார் முகத்தையும் பார்க்காமல் வாங்கி, சில்லென்று ஆகும்வரை வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்கிறாள்.