சட்டைப்பையில் இருந்த வில்லை

ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்துக் கடற்படை எங்களைத் திரும்பக் கூப்பிட்டது. அவசரம் என்று வந்தால் கப்பல்களுக்கு ஆள் வேண்டுமாம். அதற்குப் பத்து நாள் பயிற்சி. நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்தே போனோம். இரண்டு பேருமே ஒரு காலத்தில் கப்பலை நடத்தியவர்கள். எங்களுக்குப் பாடம் எடுத்ததோ என் மகள் வயதில் ஒரு பெண் அதிகாரி. எரிச்சல் வராதா?

மூன்றாம் நாள் வெள்ளப் பயிற்சி. கப்பலின் அடித்தளம் போலவே இரும்பில் ஓர் அறை. சுவர் ஓட்டைகளில் தண்ணீர் பீச்சியடிக்கும். மரக்கட்டை அடித்து அடைக்க வேண்டும். உள்ளே போகிறவர் வாசல் பலகையில் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் கதவைச் சாத்தலாம்.

மச்சான் மாட்டப் போனார். நான் விட்டேனா?

"என்ன மச்சான், புதுசா சேர்ந்த ஆள் மாதிரி? நம்ம காலத்துல எந்த அதிகாரி இதை மாட்டினாரு? அதெல்லாம் மாலுமிங்களுக்கு."

"அதுவும் சரிதான் மாப்ளே" என்று சிரித்தபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடைத்து முடித்து நனைந்த கோழிகளாக வெளியே வந்தோம். அடுத்து என் முறை. கதவைச் சாத்தி, அறையை நிரப்பி, கதவு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பலகையைப் பார்த்தேன். காலி. "சாத்து!" என்றேன். பழைய குரல் அப்படியே வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

தண்ணீர் திறந்து இரண்டு நிமிஷம் இருக்கும். உள்ளிருந்து யாரோ இரும்பைத் தட்டினார்கள்.

வெளியே நின்றவர்களின் வரிசையைப் பார்த்தேன். மச்சானைக் காணோம்.

"கண்ணாடியை விட்டுட்டேன்னு உள்ள போனாரே!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கதவைத் திற! திறய்யா!"

"திறக்காது சார், தண்ணி அழுத்துது. வடியணும்." பெண் அதிகாரி அதற்குள் பம்பை ஓடவிட்டிருந்தார். "நாலு நிமிஷம்."

ஐயோ, நாலு நிமிஷம்! என் மனைவிக்கு இருப்பது ஒரே அண்ணன். கதவில் காதை வைத்துக்கொண்டேன். மூன்றாவது நிமிஷம் தட்டுகிற சத்தம் நின்றது.

"தட்டு மச்சான்! தட்டுய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கதவு திறந்தபோது கூரையோரக் குழாயைக் கட்டிப்பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது. நாலு பேர் பிடித்து இறக்கினோம்.

கொஞ்சம் பேச்சு வந்ததும் பெண் அதிகாரி கேட்டார்: "ஏன் சார் வில்லையை மாட்டல?"

மச்சான் என்னைப் பார்த்தார். பல் கிடுகிடுக்க, "மறந்துட்டேன்மா" என்றார்.

அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை. "மறக்கல. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

பெண் அதிகாரி கோபப்படவில்லை. "காலைல நீங்களும் உள்ள போனீங்களே. உங்க வில்லை எங்க சார்?"

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அது அங்கேதான் இருந்தது, சில்லென்று. எடுத்து அவர் கையில் வைத்தேன். கப்பலுக்குக் கூப்பிடுகிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். அவர் அடித்தார்.