இரவல் தூக்கம்

பூம்பாறையில் ரோகிணியின் மகன் கதிர்வேல் பிறந்ததிலிருந்து பொட்டுக்கூடத் தூங்கியதில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எடை சரியாக இருக்கிறது, பால் நன்றாகக் குடிக்கிறான், வேறு குறையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தூக்கத்தைக் கொண்டுவராமல் பிறந்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. அது பூண்டு பிடுங்கும் மாதம், எல்லோருக்கும் சோலி இருந்தது.

ரோகிணிக்கு அப்போது பத்தொன்பது வயது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்காரரின் மகள். கணவன் பிரசாந்த் கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். எப்போதாவது வருவான், வந்தால் அவன்தான் தூங்குவான். கல்யாணத்துக்கு முன் அவள் தொடங்கிய நெடுங்கதை ஒன்று பாதியில் நின்றிருந்தது. இடுப்பில் பிள்ளை இருக்கும்போது அடுத்த வரி வரும். இறக்கிவைத்துப் பேனாவைத் தேடுவதற்குள் அவன் அழுவான், வரி போய்விடும். போகிற வரிகளெல்லாம் எங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் வருவதே நின்றுவிடும் என்று பயந்தாள். அதைச் சொல்ல அந்த ஊரில் அவளுக்கு ஆளில்லை.

பக்கத்து வீட்டு ராக்காயியிடம் உறைமோர் வாங்கப் போனவள், தூக்குச்சட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே அழுதாள்.

“ஏந்தாயி, என்னத்துக்கு இப்ப அழுவுற?”

“பிள்ளை தூங்க மாட்டேங்கிறான்க்கா.”

“அட, இம்புட்டுத்தானா? மோரு கேட்டா குடுக்குறோம்ல, இதையும் கேக்க வேண்டியதுதான? கொண்டா இப்படி.”

ராக்காயி தூக்குச்சட்டிக்குள் நீளமாக ஒரு கொட்டாவி விட்டு, வெரசாக மூடியை அழுத்தினாள். வீட்டில் பிள்ளையின் முகத்தருகே மூடியைத் திறந்தபோது, பரணில் தொங்கும் பூண்டின் புகைவாடை வந்தது. கதிர்வேல் இரண்டு கைகளையும் கன்னத்துக்கு அடியில் வைத்து, ராக்காயி படுப்பதைப் போலவே படுத்துத் தூங்கினான். ரோகிணி எழுதினாள்.

அதன்பின் ஊரே கொடுத்தது. டீக்கடை நல்லுசாமி கொடுத்த அன்று பிள்ளை பெரிய மனிதர்போலக் குறட்டை விட்டான். மோருக்கு உள்ள முறைதான் இதற்கும். விளக்கு வைத்த பிறகு யாரும் கொடுப்பதில்லை. பாத்திரத்தை வெறுமனே திருப்புவதில்லை. ரோகிணி பட்டாணியோ ஊரிலிருந்து வந்த பஞ்சாமிர்தமோ போட்டுத் திருப்பினாள். இப்படி இரண்டு வருஷம் போனது. பிள்ளைக்குப் பேச்சு வந்தது. தூக்கத்தில் அவன் பேசினான், பேசியதை அவள் கதையில் சேர்த்தாள்.

கதையின் முதல் பகுதி ஒரு வார இதழில் வந்தது. மீதியைத் தைக்குள் அனுப்பச் சொல்லி அங்கிருந்து போன் செய்தார்கள். வந்த பகுதியை நல்லுசாமி டீக்கடையில் சத்தமாக வாசித்தார். கதையில் ஒரு பெண் பூண்டு மூட்டையை பஸ் சீட்டில் வைத்துவிட்டு வத்தலக்குண்டில் இறங்குகிறாள், திரும்பி வரவேயில்லை. “அந்தப் பிள்ளை நல்லா எழுதிருக்குப்பா” என்று பக்கத்தைத் திருப்பினார். செத்துப்போன தம்பி ஒருவன் மேட்டுக்காட்டில் நின்று அண்ணனிடம் தன் பங்கைக் கேட்கும் இடத்துக்கு வந்ததும், வாசிப்பதை நிறுத்தி இதழை மடித்துவைத்தார்.

ராக்காயி அன்று ரோகிணி வீட்டு வாசலோடு நின்றாள்.

“தூக்கம் கேட்ட, குடுத்தேன். கனவையுமா கேட்ட?”

“அக்கா, அந்த பஸ்ஸு கனவு உங்களதுன்னு எனக்கு…”

“எங்க வீட்டு மனுசனுக்குத் தெரியாதுடி அது. எம் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கே காலையில மறந்துபோகும். இப்ப மறக்க முடியல.”

ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. “எங்களுக்கே பத்தல தாயி” என்றார்கள். “இப்பத்தான் மேலத்தெருவுக்குக் குடுத்தேன்” என்றார்கள். தூக்குச்சட்டி கழுவிய ஈரம் காய்ந்தபடி கவிழ்ந்து கிடந்தது. மழையும் பனிமூட்டமுமாக மாதங்கள் போயின. கதிர்வேல் கண் திறந்தே கிடந்து அழுதான். கதையின் மீதியில் ஒரு வரிகூட நகரவில்லை.

“எழுதலைன்னா இப்ப என்னா குடியா முழுகிடும்?” என்றான் பிரசாந்த், போர்வையை இழுத்துக்கொண்டே.

மார்கழியில் ஒரு சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்பாக, ரோகிணி தூக்குச்சட்டியைத் தன் வாயருகே கொண்டுபோனாள். கொஞ்சம் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தாள். தன் வீட்டுப் பொருளை எங்கே நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொட்டாவி முடியாமல் வந்துகொண்டே இருந்தது, மூடி எழும்பியது, மிச்சத்தைக் குடத்தில் பிடித்தாள். கதிர்வேல் அன்று தூங்கினான். குடம் காலியானபோது அவனுக்கென்று ஒரு தூக்கம் ஊறிவிட்டிருந்தது. உறை விழுந்த பால்போல அது அவனுக்குள் தங்கிவிட்டது. ரோகிணிக்கு மட்டும் தூக்கம் திரும்ப வரவில்லை.

கதை தைக்குள் முடிந்தது. அடுத்ததைத் தொடங்கினாள். காய்கறி லாரிக்குப் போகிறவர்கள் அவள் வீட்டு ஜன்னலில் தட்டி, “வெள்ளனே எழுப்பி விடு தாயி” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவளும் எழுப்பிவிடுகிறாள். ராக்காயியும் அப்படிச் சொல்கிறாள், வேறெதுவும் பேசுவதில்லை.

மலையை விட்டு இறங்கியறியாத கதிர்வேல், காலையில் எழுந்ததும் பழனி அடிவாரத்துச் சந்துகளைப் பற்றிச் சொல்கிறான். கடை வாசலில் தாத்தா வாழைப்பழம் உரிக்கிறார், குதிரைவண்டி போகிறது, ஒரு ஆத்தா தலை சீவிவிடுகிறாள் என்கிறான். ரோகிணி பல் துலக்கிவிட்டபடியே கேட்கிறாள்.

“நான் இருந்தேனாடா அங்க?”

“நீ இல்லம்மா. தேடினேன். நீ இங்க எழுதிட்டு இருந்தேல்ல.”

சரி, துப்பு என்று சொல்லி, அவள் வெந்நீரை எடுத்து அவன் வாயைக் கழுவிவிடுகிறாள்.