சில்லிட்டுப்போன சுண்டெலி

1

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்மணி சொன்ன கதை இது. சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை நான்தான் எழுத வேண்டும். அதனால்தான் இந்தப் படபடப்பு.

'1966. கோடை. ராஜகிரி மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த...'

(வேண்டாம். மலையை வர்ணிக்கப் போனால் எலி தப்பித்துவிடும்.)

2

நீலாஞ்சனா மெட்ராஸ் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், சிங்கவரத்து வயலில் பிடித்த சுண்டெலிகளைக் கூண்டில் வைத்திருந்தாள். ஒரே நாளில் அவற்றின் உடல்சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி. தீனி குறைந்தால் பகலில் சூடு இன்னும் இறங்கும் என்று அவளுக்கு ஓர் ஊகம். யாரிடமும் சொல்லாமல் ஓர் எலிக்கு மட்டும் தீனியைக் குறைத்தாள்.

அவள் அப்பா அப்பாண்டைநாதன் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி. பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை வைக்காத சமணர். "ஒரு உசுரு போச்சின்னாலும் படிப்பு அதோட நின்னுடும்" என்று சொல்லித்தான் கூண்டை வீட்டுக்குள் விட்டார்.

3

மெட்ராஸுக்குத் திரும்ப இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. காலையில் பார்த்தால் அந்த எலி சுருண்டு கிடந்தது. தொட்டாள். சில்லென்றிருந்தது. மூச்சும் தெரியவில்லை. ஊகம் பலித்துவிட்டதா, இல்லை அது செத்தேதான்

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அதற்குள் அப்பா வந்துவிட்டார்.]

"இன்னாம்மா, செத்துப்போச்சா?"

"தூங்குது நைனா."

அவர் எலியை எடுத்து உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டார். "சில்லுன்னு இருக்குதே. பட்டினி போட்டியா?"

அவளைப் பொய் சொல்ல வைக்கப் பார்த்தேன். என் பேனா பொய்யை எழுதிவிட்டது, அவள் அதைச் சொல்லவில்லை.

"ஆமா நைனா. தீனியக் கொறச்சிட்டேன்."

"நாமகூடத்தான் உபவாசம் இருக்கறோம். அது நம்ம இஷ்டம். இத ஒரு வார்த்த கேட்டியா?"

இருவரும் அந்தக் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"நடுங்குதும்மா" என்றார். எலி கண் திறந்தது. மீசை துடித்தது. அவர் விரலை நறுக்கென்று கடித்தது.

நீலாஞ்சனா தேம்பி அழுதாள்.

4

உயிர் போகவில்லை. ஆனால் போகாதது அவளால் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா எலிக்கு மல்லாட்டை உரித்துப் போட்டார். கை கழுவினார். "நாளைக்கி நானும் உன்னோட மெட்ராஸ் வரேன்" என்றார்.

காலேஜில் கொண்டுபோய் விடவா, படிப்பை நிறுத்திப் பெட்டியோடு திரும்ப அழைத்துவரவா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் அடித்துவிட்டேன். 'எதுக்கு நைனா?' என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான்.

துண்டில் கை துடைத்தபடி அவர் நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள் கேட்டுப் பாருங்கள்.