மூடிக்கொண்ட காற்று வழி

பரந்தாமன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பலதாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரும் வண்டியென்றால் அரை மணி நேரத்தில் கோளாறைப் பிடித்துவிடலாம். நன்றாக ஓடுகிற வண்டிக்குள் ஒளிந்திருக்கும் கோளாறு, தனக்கு வேண்டிய இடத்தில்தான் தலையைக் காட்டும்.

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, திருப்பதி சாலையோரம் அவளுடைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருந்தது. பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து போட்ட கடை. பொம்பளை வயர் பிடிக்கிறாளா என்று சிரித்தவர்கள்கூட இப்போது அவளிடம்தான் வந்தார்கள். அவள் கை பட்ட வண்டியில் ஒரு வயர்கூடத் தொங்காது என்று பேர் வாங்கியிருந்தாள்.

பரந்தாமன் திருத்தணி மலைக்குப் பக்தர்களை ஏற்றி இறக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும். வண்டி திடீர் திடீரென்று இழுக்க மறுக்கிறது, இன்ஜின் விளக்கு எரிகிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்றார். அந்த விளக்கை மட்டும் அணைத்துக் கொடுத்தால் போதும், மத்தியானம் சவாரி இருக்கிறது என்று அவசரப்படுத்தினார்.

அவள் ஸ்கேனரை மாட்டினாள். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் தட்டுபோல ஒரு மூடி உண்டு. சின்ன மோட்டார் ஒன்று அதைத் திறந்து மூடும். மூடி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒரு சென்சார் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த சென்சாரின் சிக்னல் சரியில்லை என்று எரர் கோட் பதிவாகியிருந்தது. ஒரு முறை அல்ல, பதினொரு முறை.

கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தாள். வரவேண்டிய ஐந்து வோல்ட் வந்தது. எர்த் சரியாக இருந்தது. ஸ்கேனரிலிருந்தே மூடியைத் திறக்கச் சொன்னாள், திறந்தது. மூடச் சொன்னாள், மூடியது. வயர்க்கட்டைப் பிடித்து ஆட்டினாள். திரையில் எண் அசையவே இல்லை. எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

எங்கே போகும்போது இப்படி ஆகிறது என்று கேட்டாள். எல்லா இடத்திலும்தான் என்று பரந்தாமன் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் கோளாறு நடந்த ஒவ்வொரு நொடியிலும் வண்டி எப்படி ஓடியது என்பதை ஸ்கேனர் குறித்து வைத்திருந்தது. பதினொரு முறையும் இன்ஜின் முழு பாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. பதினொரு முறையும் வேகம் இருபதைத் தாண்டவில்லை.

"மலை ஏறச்சொல்ல மட்டுந்தானே ஆவுது?" என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு சொன்னார். போன கிருத்திகையன்று இருபது பேரை ஏற்றிக்கொண்டு போகையில், மலைப்பாதையின் இரண்டாவது வளைவுக்கு மேலே இன்ஜின் அப்படியே அணைந்துபோனது. பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பின்னால் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினார். உள்ளே இருந்தவர்கள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். வீட்டில்கூட அவர் சொல்லவில்லை.

"மொதல்லயே ஏண்ணா சொல்லல?"

"சொன்னா வண்டிய இங்கியே நிறுத்திடுவன்னுதாம்மா."

ஆளில்லாமல் மலைக்கு ஒரு நடை போய்ப் பார்க்காமல் சாவியைத் தரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகளை எடுத்து வேனில் போட்டுக்கொண்டாள்.

மணி பத்தரை. முகூர்த்த நாள் என்பதால் அடிவாரத்தில் நல்ல கூட்டம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. புஷ்பலதா ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். காலி வண்டிக்குப் பாரம் தெரியாது என்பதால், கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலேயே அழுத்தி ஏற்றச் சொன்னாள். இன்ஜின் முனகிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு கடந்தது. இரண்டாவதும் கடந்தது. வெயிலில் ஊர் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒன்றும் ஆகவில்லை. பரந்தாமன் முகம் தெளிய ஆரம்பித்தது.

அடுத்த ஏற்றத்தில் இன்ஜினின் சத்தம் அமுங்கியது. வாயைப் பொத்தியது போல இருந்தது. அவள் சட்டென்று திரையைப் பார்த்தாள். காற்று வழி நூறு சதவீதம் திறந்திருப்பதாகத் திரை சொன்னது. அதே நொடியில் காற்றில்லாமல் இன்ஜின் செத்தது.

பரந்தாமன் பிரேக்கை மிதித்தார். முதல் மிதிக்கு வண்டி கொஞ்சம் தயங்கியது. இரண்டாவது மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. இன்ஜின் ஓடினால்தானே பிரேக்குக்குப் பலம். வேன் பின்னால் நகர்ந்தது. அவர் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் கதவைத் திறந்து குதித்து, ஓடி, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையை எறிந்தாள். முதல் கட்டையை டயர் தள்ளிவிட்டது. இரண்டாவது கடித்து நின்றது. கைப்பிடிச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

முதல் கட்டையையும் எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு பானெட்டைத் தூக்கினாள். இப்போது அவளுக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. சிக்னல் வயர் எங்கேயோ இரும்பில் படுகிறது. பட்டதும் கம்ப்யூட்டர், மூடி அளவுக்கு மேல் திறந்துவிட்டதாக நம்பி, அதை இறுக்கி மூடுகிறது. தப்பு என்று அது கண்டுகொள்வதற்குள் இன்ஜின் நின்றுவிடுகிறது. பாரம் இழுக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், அப்போதுதான் படுகிறது. சமதரையில் வயரை எத்தனை ஆட்டினாலும் படாது.

விரலால் தடவிக்கொண்டே போனாள். இரும்புப் பிராக்கெட்டின் கூரான விளிம்பில் வயர்க்கட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மேல்தோல் தேய்ந்து செம்பு மினுக்கியது. கட்டியிருந்தது ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டேக், வயர்களைச் சேர்த்து இறுக்கும் பட்டை. வால் ஒட்ட நறுக்கப்பட்டு, நுனி உள்பக்கமாகத் திருப்பிவிடப்பட்டிருந்தது.

அப்படி நறுக்குகிறவள் அவள்தான்.

மாசியில் எலி கடித்த வயர்களைச் சரிசெய்ய இந்த வண்டி அவளிடம் வந்தது. திருவாலங்காட்டில் கரும்புத் தோட்டத்தை ஒட்டி நிறுத்தி வைத்திருந்த வேன். ஒட்டுப் போட்ட வயர் தொங்கக்கூடாது என்று இழுத்துக் கட்டியது அவளுடைய கைதான். இன்ஜின் அசைய இடம் விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அழகாக இருக்கிறதே என்று நினைத்தது நினைவுக்கு வந்தது.

யார் இப்படிக் கட்டினது என்று பரந்தாமன் எட்டிப் பார்த்துக் கேட்டார். நான்தான் என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அதே தோட்டத்திலிருந்து இரண்டு வேன்கள் வந்தன.

"உங்க பாவா வண்டி இப்போ எங்க?"

அந்தப் பாவா நாகேந்திரன், பரந்தாமனின் அக்காள் புருஷன். இருவரும் ஒரே மாதிரி வேனை ஒன்றாக வாங்கியவர்கள். பரந்தாமன் போன் போட்டார். எடுத்தது அக்கா பங்காரு. நாகேந்திரன் போனை வீட்டிலேயே சார்ஜில் விட்டுவிட்டுப் போய்விட்டார், திருவாலங்காட்டிலிருந்து காது குத்துக்கு ஒரு குடும்பத்தை மலைக்கு ஏற்றிக்கொண்டு வருகிறார், இந்நேரம் அடிவாரம் வந்திருப்பார் என்றாள்.

புஷ்பலதா டேக்கை வெட்டி எறிந்து, வயருக்கு டேப் சுற்றினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது. திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாவது வளைவுக்குக் கீழேயே எதிரே நாகேந்திரனின் வேன் ஏறி வந்தது. ஜன்னலெல்லாம் முகங்கள். பரந்தாமன் ஹாரனை அழுத்தியபடி தலையை வெளியே நீட்டி நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ஏற்றத்தில் பாரத்தோடு யார் நிறுத்துவார்கள்? பின்னால் ஒரு பஸ் வேறு முட்டிக்கொண்டு வந்தது. நாகேந்திரன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

திரும்ப இடமில்லாமல் அவர்கள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டியிருந்தது. திருப்பி மேலே ஏறும்போதே, மலையிலிருந்து நீளமாக ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

நாகேந்திரன் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடவில்லை. பின்னால் உருண்டபோது ஸ்டியரிங்கை உயிரைக் கொடுத்துத் திருப்பி, பாறைப் பக்கத்துக் கால்வாயில் இறக்கியிருந்தார். வேன் பாறையில் சாய்ந்து கிடந்தது. காது குத்த வந்த குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அதன் தாய்க்குக் கை முறிந்திருந்தது. நாகேந்திரன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் அவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்திலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர், குடித்திருக்கிறாரா என்று அவரை ஊதச் சொன்னார்.

புஷ்பலதா கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், நெளிந்த பானெட்டை நெம்பித் திறந்தாள். அதே பிராக்கெட், அதே நீல டேக். கட்டர் அவள் கையிலேயே இருந்தது. ஒரு நொடி வேலை. வெட்டிப் பையில் போட்டுக்கொண்டால் தேய்ந்த வயர் மட்டும்தான் மிஞ்சும். எலியின் மேல் பழி போடலாம். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கட்டரின் வாய் டேக்கைத் தொட்டது. அப்போது நாகேந்திரன், தான் குடிக்கவில்லை என்று யாரிடமோ மூன்றாவது முறையாகச் சொல்வது காதில் விழுந்தது. 

அவள் கட்டரைக் கீழே வைத்துவிட்டு, போலீஸ்காரரைக் கூப்பிட்டாள்.

"சார், அவர் மேல தப்பு இல்ல. இந்த வயர் உரசித்தான் இன்ஜின் நின்னுது. இத இப்டி இறுக்கிக் கட்னது நாந்தான். போட்டோ எடுத்துக்குங்க, யாரும் கைய வைக்க வேணாம்."

பரந்தாமன் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று அவள் நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் போய்ப் பாவாவைத் தூக்கி நிறுத்தினார். அன்றைக்குப் பிறகு அவள் கடைக்கு அவர் வரவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கை முறிந்தவளின் கட்டிலருகே போய்த் தான் யாரென்று சொன்னாள். அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இப்படி இறுக்கிக் கட்ட ஆரம்பித்த மாசியிலிருந்து வயர் கட்டிக் கொடுத்த வண்டிகள் எல்லாவற்றையும் நினைவுபடுத்தி எழுதினாள். இந்த இரண்டு வேன் போகப் பதினேழு. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, உள்ளதைச் சொல்லி, வண்டி நின்ற இடத்துக்கே போய் பானெட்டைத் திறந்தாள். சிலர் நன்றி சொன்னார்கள். பொதட்டூர்பேட்டையில் ஒருவர் வாசலிலேயே வைத்து மானத்தை வாங்கினார். நான்கு வண்டிகளில் வயர் தேய ஆரம்பித்திருந்தது.

பதினாறு முடிந்துவிட்டது. பதினேழாவது ஒரு பள்ளிக்கூட வேன். அதைச் சித்திரையிலேயே ஆந்திரப் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டதாகப் பழைய சொந்தக்காரர் சொன்னார். வாங்கியவரின் நம்பர் அணைந்தே இருக்கிறது. நகரியில் நான்கு பேரிடம் விசாரித்தாயிற்று. புத்தூரில் மலை ஏறுகிற வேன் ஒன்று அதே மஞ்சள் நிறத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அவள் விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போயிருக்கிறாள்.