காக்கா வரும் ஓரம்

1

மண்டையோட்டின் அடியில் முளைக்கும் கட்டியை மூக்கு வழியாகவே போய் எடுக்கலாம் என்று ஒரு மருத்துவர் பேசிய காணொளியைப் பார்த்தேன். அன்று முழுக்கத் தும்மவே பயமாக இருந்தது. மறுநாள், இந்தக் கட்டியை யாருக்குக் கொடுத்தால் கதை நன்றாக வரும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு நெஞ்சில் ஈரம் கொஞ்சம் கம்மிதான்.

2

காசிமேட்டில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை விரித்து

(வேண்டாம். அங்கே காலையில் யாரும் கதிரவனைப் பார்ப்பதில்லை, மீனைத்தான் பார்க்கிறார்கள்.)

அங்கே கருவாடு விற்கும் ராயபுரத்து வியாகுலம்மாள், சரக்கை மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். அவள் மூக்கு வேண்டாமென்று சொன்னால் வேண்டாம்தான். (ஆமாம், கட்டியை இவளுக்குத்தான் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

3

கூடையின் ஓரத்தில் வைத்த கருவாடு தினமும் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் கடை போடும் முத்தம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதாண்டி திருடி! வேற யாரு கீறாங்க இங்க?"

"அட பேஜாரே! உன் பக்கத்துலயே காக்கா குந்திகினு துன்னுது, தெர்லயா உனுக்கு?"

தெரியவில்லை. நேரே இருப்பது தெரிந்தது, இரண்டு ஓரமும் மறைந்திருந்தன. கட்டி பார்வை நரம்பை அடியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதும் அதே முத்தம்மாதான். மன்னிப்புக் கேட்க வியாகுலம்மாளுக்கு வாய் வரவில்லை.

4

டாக்டர் மரியம் இரண்டு வழி சொன்னார்.*

"புருவத்துல சின்னதா கீறியும் போகலாம். வாசனை தெரியறது தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஆனா உங்க கட்டி இருக்கிற இடத்துக்கு, மூக்கு வழியா போறதுதான் கண்ணுக்கு நல்லது. மோப்பம் போயிடாதுன்னு மட்டும் என்னால உறுதி சொல்ல முடியாது."

"மூக்கு பூட்டா என் பொழப்பே பூடும்மா."

எனக்குப் புருவம்தான் பிடித்திருந்தது. கடைசி வரிக்கு ஒரு தழும்பு கிடைக்கும். முத்தம்மா விடவில்லை.

"கண்ண வாங்கிக்கடி. மோந்து பாக்க என் மூக்கு கீதில்ல?"

வியாகுலம்மாள் டாக்டர் பக்கம் திரும்பி, இந்த வழியாகவே போங்க என்பதுபோல் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

(* சாவித்துளை அறுவை என்கிறார்கள். சாவி எதுவும் கிடையாது. சின்ன வழி, மெல்லிய குழாய், அதன் நுனியில் கேமரா.)

5

அறுவை முடிந்த மறுநாள், மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள். பக்கவாட்டு ஜன்னலில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது.

"ச்சூ! போ!" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

முத்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

6

முடிவு ஒன்று: மோப்பம் அப்படியே திரும்பி வர, மாதா கோயில் மணி (சர்க்கரை அதிகம்.)

முடிவு இரண்டு: மோப்பம் வரவேயில்லை, அவள் கூடையைக் கவிழ்த்து (இதற்கு எனக்கு மனசு வரவில்லை.)

நான் பார்த்தவரை சொல்கிறேன். சில வாரம் கழித்து, இனி மெதுவாக மோந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். முத்தம்மா இரண்டு பொட்டலங்களை அவள் மடியில் வைத்தாள். ஒன்றில் நல்ல கருவாடு, இன்னொன்றில் கெட்டது.

"எது நல்லதுன்னு சொல்லு பாப்போம்."

வியாகுலம்மாள் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். இன்னொன்றையும் அப்படியே.

"இன்னாடி?"

கண்ணைத் திறந்தாள். இரண்டையும் முத்தம்மா கையில் கொடுத்தாள்.

"நீயே மோந்து சொல்லுடி. நீ சொன்னா சரிதான்."

வாசனை வராததால் கொடுத்தாளா, வந்தும் கொடுத்தாளா? கேட்டுப் பார்த்தேன், என்னிடம் சொல்லவில்லை. காசிமேட்டுப் பக்கம் போனால் நீங்கள் கேட்டுப் பாருங்கள். முத்தம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.