பெண் பார்க்க வந்த பழம்

விளாத்திகுளத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது தட்டில் வைத்துக் கொண்டுவந்த வாழைப்பழம் ஐந்து நாளில் கறுத்துப்போயிருந்தது. இன்று காலையில்தான் அவர்களுடைய பதில் வந்தது. பெங்களூரில் தனியாக இருந்து வேலை பார்க்கிற பெண்ணாம், குடிப்பழக்கம் இருக்குமாம், அதனால் வேண்டாமாம்.

இசக்கிச்செல்வி அதுவரை ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. செல்லில் செய்முறையைப் பார்த்து, மூன்று பழத்தை உரித்து மிக்ஸியில் போட்டாள். கருப்பட்டிப் பாகும் எலுமிச்சைச் சாறும் ஐஸ் கட்டியும் சேர்த்தாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, சளிக்கு மருந்து என்று பீரோவில் வைத்திருந்த கேன்டீன் ரம்மை எடுத்துத் தாராளமாக ஊற்றினாள்.

"ஏட்டி, சன்னலையாவது சாத்து! தெருவே பாக்குது," என்று அம்மா பதறினாள்.

"பாக்கட்டும்மா. குடிக்காமலே குடிகாரின்னு பேரு வாங்கியாச்சு. இனி எதுக்குச் சாத்தணும்?"

அப்பா இன்னொரு டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

முதல் மிடறில் தொண்டை எரிந்தது. இரண்டாவதில் பழத்தின் இனிப்பு தெரிந்தது. அப்போது கல்யாணத் தரகர் போனில் கூப்பிட்டார்.

"தாயி, மாப்பிள்ளைக்கு உன்னைய ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். குடிக்க மாட்டேன்னு கோயில்ல ஒரு சத்தியம் பண்ணிட்டா போதும்னு அவிய சொல்லுதாவ."

இசக்கிச்செல்வி உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில வரைக்கும் தொட்டதில்ல அண்ணாச்சி, யாரும் என்கிட்ட கேக்கல. இப்ப குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். அவிய கொண்டாந்த பழத்துலதான் போட்டேன். ருசியா இருக்குன்னு சொல்லிருங்க."